சாவுக்கு ஒரு விசாரணை

1704ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, புதுச்சேரியில் இயேசு சபைத் துறவிகளின் தலைவர் கையில் ஓர் உத்தரவு கொடுக்கப்பட்டது. மொத்தம் 16 பிரிவுகள். தாலியில் பிள்ளையார் உருவம் இருக்கக் கூடாது. தாலிக்கயிற்றை 108 இழை சேர்த்து மஞ்சள் தோய்த்துத் திரிக்கக் கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. பெண் பெரியவளானதை ஊர்கூட்டிக் கொண்டாடக் கூடாது. ஞானஸ்நானத்தின்போது குரு தன் எச்சிலைத் தொட்டு வைக்கும் சடங்கை, ஊரார் அருவருக்கிறார்கள் என்பதற்காக விட்டுவிடக் கூடாது. ஞானஸ்நானம் பெறுபவருக்கு, மறைசாட்சியரும் பிற புனிதர்களும் நாள்வாரியாக அடங்கிய ரோமப் பட்டியலிலிருந்துதான் பெயர் எடுக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்ன விதியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ரோமப் பட்டியலில் தமிழ் மண்ணிலிருந்து ஒரு புதிய பெயர் ஏறவிருந்தது. அதை இழுபறியில் போட்டதும் இதே உத்தரவுதான்.

அந்தப் பெயருக்கு உரியவர் அப்போது உயிரோடு இல்லை. புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கே ஐந்தாறு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது ஓரியூர். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார் ஜான் டி பிரிட்டோ. நம் மக்கள் வைத்த பெயர் அருளானந்தர். லிஸ்பனில் பிறந்து, இயேசு சபைத் துறவியாகி, மறவர் சீமையில் காவி கட்டி, மரக்கறி உண்டு, பண்டாரசுவாமியாக வாழ்ந்தவர். சாகும்போது வயது 45. வெட்டியவர்கள், வெட்டச் சொன்னவர், வெட்டிய இடம், நாள் எல்லாமே தெரியும். அப்படியிருந்தும் அவர் மறைசாட்சிதான் என்று ரோம் அறிவித்து அருளாளர் பட்டம் கொடுக்க 1853 ஆயிற்று. 160 ஆண்டுகள், அதாவது ஆறேழு தலைமுறை.

ஒருவர் கொல்லப்பட்டார் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எதற்காகக் கொல்லப்பட்டார் என்று தீர்ப்பதற்குத்தான் கிறித்தவ மரபு 1,800 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விசாரணை முறையைச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. மறைசாட்சி, அல்லது பழைய தமிழில் வேதசாட்சி, என்பவர் தன் விசுவாசத்தை விட மறுத்து அதற்காகச் சாவை ஏற்றவர். ஒரே வரியில் அடங்கும் இந்த விளக்கத்தின் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு வழக்கு இருக்கிறது.

தொடக்கத்தில் இதற்கென்று அலுவலகமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். நேற்று பக்கத்தில் அமர்ந்து செபித்தவரை இன்று அரங்கத்தில் சிங்கத்துக்குப் போட்டால் சாட்சி எதற்கு? உள்ளூர்ச் சபை பெயரையும் இறந்த நாளையும் புதைத்த இடத்தையும் குறித்துவைத்துக்கொண்டது. ஆண்டுதோறும் அந்த நாளில் கல்லறையில் கூடியது. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் தன் குருக்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், சிறையிலேயே இறந்துபோகிறவர்களின் நாளையும் தவறாமல் எழுதிவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். ரோம் நகரின் இப்படிப்பட்ட குறிப்பு ஒன்று 354ஆம் ஆண்டுத் தொகுப்பில் இன்றும் கிடைக்கிறது. நாள், பெயர், கல்லறை என்ற மூன்றே தகவல்கள்தான், ஒரு நாட்காட்டியைப்போல.

நமக்கு இது அந்நியமான ஏற்பாடு அல்ல. திருவண்ணாமலைப் பக்கம் செங்கம் நடுகற்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்: எந்த அரசனின் எத்தனையாம் ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்த ஊர் ஆநிரையை மீட்கப்போய் விழுந்தான் என்று கல்லே சொல்லும். விழுந்தான் என்பதோடு ஏன் விழுந்தான் என்பதும் பொறிக்கப்பட வேண்டியிருந்தது. ஆனால் நடுகல்லை எதிர்த்து வாதாட யாரும் நியமிக்கப்படவில்லை. ரோமில் அதற்கும் ஒருவரை நியமித்தார்கள். அங்கே பிறகு வருவோம்.

முதல் சிக்கல், பட்டம் யாருக்கு என்பதில் வந்தது. 177இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் பெரிய துன்புறுத்தல் நடந்தது. சித்திரவதைக்குப் பின் இன்னும் உயிரோடிருந்தவர்களை வெளியே இருந்தவர்கள் மறைசாட்சிகள் என்று அழைத்தபோது அவர்களே மறுத்துவிட்டார்கள்: சாட்சியம் சாவில்தான் முத்திரை பெறுகிறது, நாங்கள் வெறும் அறிக்கையிட்டவர்கள் என்றார்கள். அன்று பிரிந்த கோடு இன்றும் அப்படியே இருக்கிறது. எத்தனை அடி வாங்கினாலும் பிழைத்துக்கொண்டால் அந்தப் பட்டம் கிடையாது.

இரண்டாவது சிக்கல் இன்னும் சுவையானது. தாமாகவே போய் மாட்டிக்கொள்பவர்களை என்ன செய்வது? இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரில் குவிந்துஸ் என்றொருவர். தானாக முன்வந்து தன்னை ஒப்படைத்ததோடு மற்றவர்களையும் தூண்டிவிட்டார். அரங்கத்தில் விலங்குகளைக் கண்டதும் பயந்து, அதிகாரி சொன்னபடி பேரரசருக்குப் பலியிட்டுவிட்டார். அதே ஊர் ஆயர் போலிக்கார்ப்போ முதலில் ஒதுங்கி மறைந்திருந்து, பிடிபட்ட பின் அசையாமல் நின்றார். ஸ்மிர்னா சபை அந்தக் கதையை எழுதி அனுப்பியபோது இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியது. சாவைத் தேடிப் போகாதீர்கள் என்ற எச்சரிக்கையோடுதான் மறைசாட்சிக் கதை எழுதும் மரபே தொடங்குகிறது.

கார்த்தேஜில் இன்னும் வெளிப்படையாகவே பேசினார்கள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமப் பேரரசர் தியோக்கிளேசியன் நடத்திய துன்புறுத்தலின்போது, மென்சூரியுஸ் என்ற ஆயர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். வலியப்போய்ச் சிறைப்பட்டவர்களில் சிலர் அரசுக் கருவூலத்துக்குக் கடன்பட்டவர்கள். சிலர் பழைய குற்றவாளிகள். செத்தால் கடனும் தீரும், பாவமும் கழுவப்படும். அதுவரை பக்தர்கள் சிறைக்குக் கொண்டுவரும் சாப்பாடும் காணிக்கையும் மிச்சம். இவர்களுக்கு மரியாதை செய்யாதீர்கள் என்றார். கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சாவுக்குக் கூட்டம் சேர்ந்தால் அங்கே போலியும் சேரும் என்பதை அவ்வளவு சீக்கிரமே கண்டுகொண்ட நிர்வாகிகளை மெச்சத்தான் வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்பெயினின் எல்விரா சங்கம் இன்னொரு கதவையும் அடைத்தது: யாராவது போய்ப் பிறர் வணங்கும் சிலையை உடைத்து, அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டால் அவர் பெயர் மறைசாட்சிப் பட்டியலில் சேராது. நற்செய்தியில் அப்படி எழுதியிருக்கவில்லை, திருத்தூதர்களும் அப்படிச் செய்யவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம்.

அதே கார்த்தேஜில் லூசில்லா என்று ஒரு பணக்காரப் பெண்மணி இருந்தார். நற்கருணை வாங்குமுன் ஓர் எலும்பை எடுத்து முத்தமிடுவது அவர் வழக்கம். மறைசாட்சி ஒருவருடைய எலும்பு என்பது அவர் நம்பிக்கை. திருத்தொண்டர் செசிலியானுஸ் கண்டித்தார்; அந்த எலும்புக்குரியவர் மறைசாட்சியாகவே இருந்தாலும் திருச்சபை அவரை இன்னும் அப்படி உறுதிசெய்யவில்லையே என்பதுதான் குற்றச்சாட்டு. கவனியுங்கள்: அந்தக் காலத்திலேயே ‘இறந்தவர்’, ‘உறுதிசெய்யப்பட்டவர்’ என்று இரண்டு படிகள் வந்துவிட்டன. அவமானப்பட்ட லூசில்லா சும்மா இருக்கவில்லை. செசிலியானுஸ் ஆயரானபோது எதிரணிக்குப் பணம் கொடுத்துப் போட்டி ஆயரை நிறுத்தினார். ஆப்பிரிக்கத் திருச்சபை இரண்டாகப் பிளந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒட்டவே இல்லை. ஓர் எலும்பின் தகுதிச் சான்று இத்தனை தூரம் போனது.

பிளவின் இரு பக்கத்திலும் ஆட்கள் செத்தார்கள். இரு பக்கத்துக்கும் தங்கள் மறைசாட்சிகள் உண்டு. இந்த நெருக்கடியில்தான் ஆயர் அகுஸ்தீன் இறுதி அளவுகோலை வைத்தார்: ஒருவரை மறைசாட்சியாக்குவது அவர் பட்ட தண்டனை அல்ல, அதன் காரணம். கல்வாரியில் இயேசுவுக்கும் இரு கள்வர்களுக்குமாக நின்றவை மூன்று சிலுவைகள். தண்டனை மூவருக்கும் ஒன்றுதான். அதன் பிறகு வந்த எல்லா விதிகளும் இந்த ஒரு வாதத்தின் உரைதான் என்று சொல்வேன்.

பிரான்சில் தூர் நகர ஆயர் மார்ட்டின் கள ஆய்விலேயே இறங்கினார். ஊருக்கு வெளியே ஒரு கல்லறையில் மறைசாட்சி என்று கும்பிட்டுவந்தார்கள், பீடமும் கட்டியாயிற்று. மார்ட்டின் மூத்த குருக்களைக் கூப்பிட்டுக் கேட்டார்: பெயர் என்ன? எப்போது இறந்தார்? ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துவரவில்லை. கல்லறை மேல் நின்று செபித்தபோது அழுக்கான ஓர் உருவம் எழுந்து, நான் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட கொள்ளைக்காரன் என்று ஒத்துக்கொண்டது என்கிறது அவர் வரலாறு. பீடம் இடிக்கப்பட்டது. ஆவி வந்த கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அதற்கு முன் அவர் கேட்ட இரண்டு கேள்விகள்தான் எனக்கு வியப்பு. 401இல் கார்த்தேஜ் சங்கம் இதையே சட்டமாக்கியது: கனவில் கண்டேன், அருள்வாக்கு வந்தது என்று வயலிலும் வழியோரத்திலும் எழுப்பிய பீடங்களை, அடியில் மறைசாட்சியின் உடல் இருப்பது நிரூபணமாகாவிட்டால் இடித்துவிட வேண்டும்.

ஊர் ஆயர் தீர்த்துவைத்த விஷயம் மெல்ல மெல்ல ரோமுக்குப் போயிற்று. 1588இல் இதற்கென்று சடங்குகள் பேராயம் என்ற துறை உருவானது. 1634இல் திருத்தந்தை எட்டாம் உர்பான் ஒரு விசித்திரமான விதியை இறுக்கினார்: ரோம் தீர்ப்புச் சொல்லுமுன் ஒருவருக்குப் பொதுவழிபாடு நடந்தால் அது வழக்குக்கே இடையூறு. மக்கள் மறக்கவும் கூடாது, அவசரப்பட்டுக் கும்பிடவும் கூடாது! இரண்டுக்கும் நடுவே நூலிழையில் நடக்க வேண்டும்.

வழக்கு என்று நான் சும்மா சொல்லவில்லை. இறந்தவர் பக்கம் பேச வேண்டுகையாளர் ஒருவர்; எதிர்ப்பக்கம் பேச ‘விசுவாசக் காவலர்’ என்ற அதிகாரி. ஊர்வாயில் இவருக்குச் சாத்தானின் வழக்கறிஞர் என்று பெயர். நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்ப்பதுபோல, புனிதராகப் போகிறவர் மேல் என்னென்ன பாக்கி இருக்கிறது என்று தோண்டுவது 1983 வரை இவர் வேலையாக இருந்தது. சாட்சிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இவரே எழுதிக் கொடுத்தார். சந்தேகம் எல்லாம் அச்சேறியது. வேண்டுகையாளர் எழுத்தில் பதில் தர வேண்டியிருந்தது.

அவர்கள் கேட்பவை அடிப்படையில் மூன்று கேள்விகள். உண்மையில் இறந்தாரா? கொன்றவர் விசுவாசத்தின் மேலுள்ள வெறுப்பால் கொன்றாரா? இறந்தவர் விசுவாசத்துக்காக அதை மனமார ஏற்றாரா? அருளானந்தரை இந்த மூன்றிலும் வைத்துப் பார்த்தால், வழக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பது புரியும்.

1686இல் மறவர் சீமையில் அவர் முதல் முறை பிடிபட்டார். தண்ணீரில் முக்கினார்கள், வெயிலில் காயும் பாறையில் கிடத்தினார்கள். கடைசியில் இராமநாதபுரத்தில் அரசர் கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார், இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு. லியோன்காரர்கள் போட்ட கோட்டின்படி அத்தனை வேதனைக்கும் மதிப்பெண் பூஜ்யம். அவர் ஐரோப்பாவுக்குப் போனார். அரண்மனையில் வளர்ந்தவர், அங்கேயே தங்கியிருக்கலாம். 1690இல் திரும்பி வந்துவிட்டார்.

திரும்பி வந்ததே வலியப்போய் மாட்டிக்கொண்டதாகாதா? குவிந்துஸ் இங்கே எட்டிப்பார்க்கிறார். சட்டம் சொல்லும் பதில்: கடமைக்காக ஆபத்துக்குள் போவது வேறு, சாவை வரவழைப்பதற்காகவே சீண்டுவது வேறு. மேய்ப்பன் மந்தைக்குத் திரும்புவது முதல் வகை.

கொன்றவரின் மனசுதான் உண்மையான புதிர். தடியத் தேவர் என்ற தலைவர் 1693 ஜனவரி 6இல் ஞானஸ்நானம் பெற்றார். கிறித்தவராவதற்கு, பல மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டியிருந்தது. விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதிக்கு நெருங்கிய உறவு. புகார் அரண்மனைக்குப் போனது. இரண்டே நாளில், ஜனவரி 8ஆம் தேதி, அருளானந்தர் கைதானார். தடியத் தேவருக்கும் சேதுபதி குடும்பத்துக்கும் இடையே பதவி உரிமைப் புகைச்சலும் இருந்தது. இப்போது சொல்லுங்கள், வெட்டியது விசுவாச வெறுப்பா, குடும்பக் கோபமா, அரசியலா?

மூன்றும் கலந்திருக்கலாம் என்பதைத் திருச்சபைச் சட்டம் மறுக்கவில்லை. கொல்பவர் மனம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்க வேண்டும் என்று கேட்டால் வரலாற்றில் ஒருவரும் தேற மாட்டார். முதன்மையான காரணம் எது என்றுதான் பார்க்கிறார்கள். முன்மாதிரியும் கையிலேயே இருக்கிறது: ஏரோது மன்னன் தன் சகோதரன் மனைவியை வைத்திருந்ததைக் கண்டித்ததற்காகத் தலை இழந்தவர் திருமுழுக்கு யோவான். அங்கே பொங்கியதும் குடும்பக் கோபம்தான். ஆனால் சச்சரவின் வேர், விசுவாசம் விதித்த ஒழுக்கக் கட்டளை. அந்தக் கட்டளைக்காகச் செத்தால் விசுவாசத்துக்காகச் செத்ததாகவே கணக்கு.

மூன்றாவது கேள்விக்கு விடை ஓரியூர்ச் சிறையிலிருந்தே வந்தது. வெட்டப்படுவதற்கு முந்தின நாள், பிப்ரவரி 3, அவர் தன் சபையினருக்கு எழுதிய கடிதம் பிழைத்துவிட்டது. மை கிடைக்காமல் கரியால் எழுதினார் என்று சொல்வார்கள். தான் போதித்ததே தன் மேலுள்ள குற்றம், சாவை மகிழ்ச்சியோடு எதிர்பார்க்கிறேன் என்பது அதன் சாரம். இறந்தவரின் மனநிலைக்கு இதைவிட நல்ல ஆவணம் எந்த வழக்கறிஞருக்கும் கிடைக்காது.

இங்கேயே தீர்ப்பு எழுதியிருக்கலாம். அப்போதுதான் புதுச்சேரித் தாள் குறுக்கே விழுந்தது.

அந்த உத்தரவைப் போட்டவர் சார்ல்ஸ் தொமாஸ் மையார் தெ தூர்னோன், வயது 35, திருத்தந்தையின் தூதர். சீனாவுக்குப் போகிற வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். பிரான்சுவா மார்த்தேன் ஆளுநராக இருந்த காலம். எட்டு மாதம் இங்கேயே இருந்தார், பெரும்பாலும் உடல்நலமில்லாமல். உள்நாட்டுக்குப் போய் ஒரு கிறித்தவக் கிராமத்தைக்கூடப் பார்க்கவில்லை. பூஷே, பெர்த்தோல்டி என்ற இரண்டு இயேசு சபைக் குருக்களை விசாரித்தார். உத்தரவில் ஜூன் 23 தேதி போட்டிருக்கிறது. கைக்கு வந்தது ஜூலை 8. ஜூலை 11இல் அவர் கப்பலேறிவிட்டார். விளக்கம் கேட்க மிச்சமிருந்தது மூன்று நாள். எந்த அலுவலகத்திலும் மாற்றலாகிப் போகும் அதிகாரியின் கடைசிக் கையெழுத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

‘மலபார்ச் சடங்குகள்’ என்று வரலாற்றில் பெயர்பெற்ற இந்தத் தகராறின் கரு இதுதான்: தாலி, திலகம், பூணூல், குளியல், சாதிவழக்கம் போன்றவை வெறும் நாட்டுப் பழக்கமா, அல்லது வேறொரு சமயத்தின் வழிபாடா? நாட்டுப் பழக்கம் என்று நம்பித்தான் மதுரைப் பணித்தளத்துச் சுவாமிகள், அருளானந்தர் உட்பட, அப்படி வாழ்ந்தார்கள். இல்லை என்று தூர்னோன் சொன்ன கணத்தில் ஓரியூரில் செத்தவரின் வாழ்க்கையே சந்தேகத்துக்குள் வந்துவிட்டது.

இந்த ஆட்சேபத்தின் கூர்மையைக் கவனிக்க வேண்டும். மறைசாட்சியின் இரத்தம் அவருடைய எல்லாப் பாவங்களையும் கழுவிவிடும் என்பது பழைய போதனை. ஆகவே வாழ்க்கைக் குறைகளை இங்கே பெரிதாகக் கிளற மாட்டார்கள். புதுச்சேரித் தாள் கிளறியதோ வேறு இடம். அவர் கடைப்பிடித்ததில் மூடவழிபாடு கலந்திருந்தால், அவர் எந்த விசுவாசத்துக்காகச் செத்தார்? அகுஸ்தீன் கேட்ட ‘காரணம்’ என்ற இடத்திலேயே கை வைத்தாயிற்று.

ரோமில் இந்த ஆட்சேபத்தை முன்வைத்த விசுவாசக் காவலர் சாதாரண ஆள் இல்லை. புரோஸ்பெரோ லம்பெர்தினி 1708 முதல் 1728 வரை அந்தப் பதவியில் இருந்தவர். பிறகு புனிதர் பட்ட விசாரணை பற்றி 1734 முதல் 1738 வரை பல தொகுதிகளில் அவர் எழுதி வெளியிட்ட நூல் அந்தத் துறையின் சட்டப் புத்தகமாகவே ஆகிவிட்டது. 1740இல் அவரே பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையானார். எதிர்க்கட்சி வக்கீல் நீதிபதி நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார்!

1741 ஜூலை 2ஆம் தேதி அவர் தீர்ப்பளித்தார்: மலபார்ச் சடங்குகள் அருளானந்தரின் வழக்குக்குத் தடையல்ல, மேலே நடத்தலாம். மூன்றே ஆண்டில், 1744இல், அதே கை ஒரு பெரிய ஆணையில் கையெழுத்திட்டு மலபார்ச் சடங்குகளில் பலவற்றுக்குத் தடையை உறுதிசெய்தது. முரண்பாடு என்று தோன்றும். வக்கீல் மூளையோ இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தது. பழக்கம் ஒன்று ஆபத்தானதா என்பது ஒரு கேள்வி. அதைத் தடை வருவதற்கு முன் நல்லெண்ணத்தோடு நாட்டு மரியாதையாகக் கடைப்பிடித்த ஒரு மனிதர் தவறினாரா என்பது வேறு கேள்வி. பிந்தி வந்த சட்டத்தை முந்திச் செத்தவர் மேல் பாய்ச்ச முடியாது. இவ்வளவு சுத்தமான பிரிப்பை இன்றைய நீதிமன்றங்களிலும் அடிக்கடி பார்க்க முடிவதில்லை.

புதுச்சேரிக்குள் மட்டும் யாரும் அவ்வளவு நிதானமாக இல்லை. மிஷன் வீதியில், இன்று சம்பா கோவில் நிற்குமிடத்தில், இயேசு சபையினர். அதே ஊரில் அவர்களுக்கு ஆகாத கப்புச்சின் துறவிகள். சீனாவில் தூர்னோன் பக்கம் நின்றதால் சொந்தச் சபைக்கே ஆகாதவரான இயேசு சபை ஆயர் கிளோத் தெ விஸ்தெலு 1709இல் இங்கே வந்தார்; கப்புச்சின்களோடு தங்கி 1737இல் இறக்கும்வரை ஊரைவிட்டுப் போகவில்லை. அவருக்கு அடக்க உரை நிகழ்த்திய கப்புச்சின் துறவி நொர்பேர், ஐரோப்பா திரும்பி இயேசு சபையினரைக் கிழித்துத் தொங்கவிடும் நூல்களை அச்சிட்டார். பிரெஞ்சு நகரத்தின் சில தெருக்களுக்குள் நடந்த சண்டை ரோமின் கோப்புகளில் போய்த் தடித்துக்கொண்டே இருந்தது.

1741க்குப் பிறகும் ஏன் 112 ஆண்டு? இதற்குக் காரணம் இறையியலில் இல்லை. கோப்பைத் தள்ள ஆளில்லை. 1759இல் போர்ச்சுகல் இயேசு சபையினரை வெளியேற்றியது. 1773இல் ரோமே அந்தச் சபையைக் கலைத்தது. 1814இல்தான் அது உயிர்பெற்றது. 1837இல் பிரெஞ்சு இயேசு சபையினர் புதுச்சேரி வழியாக மதுரைப் பணித்தளத்துக்குத் திரும்பினார்கள். அதன்பின் கோப்பு அசைந்து, 1853 ஆகஸ்டு 21இல் அருளாளர் பட்டம். 1947 ஜூன் 22இல் புனிதர் பட்டம். இந்தியாவுக்கு வரும் மறைப்பணியாளர்கள் மலபார்ச் சடங்குகளுக்கு எதிராக எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழியை ரோம் ரத்து செய்தது 1940இல்தான். அருளானந்தர் புனிதரானது அதற்கு ஏழு ஆண்டு கழித்து.

இதே மூன்று கேள்விகள் நம் காலத்திலும் இந்த மண்ணில் பிறந்த ஒருவர் மேல் வைக்கப்பட்டன. குமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரசில் அதிகாரி. குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறித்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1749இல் கைது; எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம்; 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் அரசுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அதாவது மீண்டும் அதே இரண்டாவது கேள்வி. அந்த வாதத்துக்கு மறுப்பாக வைத்த சான்றுகளில் கனமானது, கொச்சி ஆயர் 1756இல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கை. இறந்து நாலே ஆண்டில், விசுவாசத்துக்காக இறந்தார் என்று எழுதியிருக்கிறார். பிற்காலக் கதை என்று தள்ளிவிட முடியாத தூரம் அது.

2012இல் அவர் மறைசாட்சி என்று ஏற்கப்பட்டு, அதே ஆண்டு டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் அருளாளர் ஆனார். இதற்குப் புதுமை எதுவும் காட்ட வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களுக்கு அருளாளர் பட்டம் தர மருத்துவம் விளக்க முடியாத ஒரு குணமாவது நிரூபணமாக வேண்டும். மறைசாட்சிக்குச் சாவே போதும். புனிதர் படிக்கு மட்டும் ஒரு புதுமை தேவைப்பட்டது. 2022 மே 15இல் அதுவும் ஆயிற்று. 270 ஆண்டுகள்.

யாரும் கொல்லாமல், பிறருக்காக உயிரைக் கொடுத்தவர் எந்த வரிசையில் நிற்பார்? கொலைகாரர் இல்லாததால் இரண்டாவது கேள்வியிலேயே வழக்கு விழுந்துவிடும். 2017 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் இதற்கென்று தனிப்பிரிவு ஒன்றைத் திறந்தார்: ‘உயிரைக் கையளித்தல்’. கொள்ளைநோயில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு அதே நோயில் இறப்பவர்களைப் போன்றோருக்கானது. மறைசாட்சி என்ற பெயர் இதற்குக் கிடையாது. ஒரு புதுமையும் காட்ட வேண்டும். 2017இல்தான் இது தோன்றியது என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிப் பணிசெய்து செத்த கிறித்தவர்களின் சாவு மறைசாட்சியத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததாகத் தெரியவில்லை என்று அவ்வூர் ஆயர் தியோனிசியுஸ் எழுதிவிட்டார். பழைய ரோமப் பட்டியலில் பிப்ரவரி 28ஆம் நாளில் அவர்கள் மறைசாட்சிகளாகவே நினைக்கப்படுகிறார்கள். ஒருவர் பெயரும் அங்கே இல்லை. அவர்களுக்கு விசாரணை நடக்கவில்லை; ஆட்சேபிக்கவும் யாரும் வரவில்லை.